தட்டகம் செய்த குற்றம் யாது?

'டிஸ்கோ' என்னும் சொல் காதில் விழுந்ததும் இரு வகையார் இரு வகையாகத் துள்ளுகின்றனர். ஒரு வகையார் முகம் சுளிக்கின்றனர். "மேனாட்டுச் சீரழிவு! குடி, கூத்து, கும்மாளம்! பண்பாட்டை விழுங்க வந்த பாழ்ங்கிணறு!" என்று பதறுகின்றனர். மற்றொரு வகையார் முகம் மலர்கின்றனர். பையிலே பணமும், மேனியிலே பட்டும், கையிலே கோப்பையும் உடையார் மட்டும் புகத்தக்க பொன்னுலகின் பெயர் அது என்று பூரிக்கின்றனர். முன்னவர் அச்சொல்லைச் சபிக்கின்றனர். பின்னவர் அச்சொல்லை விற்கின்றனர். ஆனால், அச்சொல்லின் பொருள் யாது, அது பிறந்த வீடு எது, அதை வளர்த்தோர் எவர் என்று இருவரில் ஒருவரேனும் ஏறிட்டுப் பார்த்ததுண்டோ? இல்லை!

நாம் பார்க்க விரும்புகிறோம். ஒரு சொல்லைத் தூக்கிலிடுமுன் அதனை விசாரணைக் கூண்டிலேனும் ஏற்ற வேண்டாமா? ஒரு சொல்லுக்கு முடிசூட்டுமுன் அதன் பிறப்பைக் கேட்டறிய வேண்டாமா? கேட்பதுதானே பகுத்தறிவு!

சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். டிஸ்கோதெக் என்பது முழுச்சொல். டிஸ்கோ என்பது அதன் குறுக்கம். அது பிரெஞ்சு மொழி ஈன்ற குழந்தை. அதற்கு இரண்டு உறுப்புகள். முன்னுறுப்பு வட்டத் தட்டைக் குறிக்கும். பண்டைக் கிரேக்க இளைஞர் ஆடுகளத்தில் சுழற்றி எறிந்த வட்டுக்கு 'டிஸ்கோஸ்' என்று பெயர். எறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. பின்னுறுப்பும் கிரேக்கமே. 'தேக்கே' என்றால் பேழை, வைப்பிடம், பொருளைச் சேர்த்து வைக்கும் இடம். உடனே நம்மவர் சிலர், "தேக்கு என்று தமிழிலும் உண்டே! நீரைத் தேக்குகிறோமே! ஆகவே கிரேக்கன் நம்மிடமிருந்து கடன் வாங்கினான்!" என்று கொடியுடன் கிளம்பக்கூடும். வேண்டாம், தோழர்களே! ஒலி ஒத்தால் உறவு என்பது சொல்லாராய்ச்சி ஆகாது. தமிழுக்குப் பெருமை சேர்க்கத் தமிழில் உள்ளவை போதும். பொய் உறவு வேண்டியதில்லை.

அந்தக் கிரேக்க வைப்பிடத்தின் வழித்தோன்றல்கள் ஐரோப்பா எங்கும் குடியிருக்கின்றன. செருமானியர் மருந்துக்கடையை 'அப்போதேக்கே' என்பர். பிரெஞ்சுக்காரர் சிறு கடையை 'பூத்தீக்' என்பர். ஸ்பானியர் மதுக்கிடங்கை 'போதேகா' என்பர். மூன்றும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். அந்தக் குடும்பத்திலே தலைசிறந்த பிள்ளை எது தெரியுமா? 'பிப்லியோதெக்'. நூல்களின் வைப்பிடம், நூலகம். அந்த நூலகத்தைப் பார்த்து, அதே அச்சில் வார்க்கப்பட்ட சொல்லே டிஸ்கோதெக். நூல் இருக்கும் இடம் நூலகமானால், இசைத்தட்டு இருக்கும் இடம் தட்டகம். அவ்வளவே அதன் பொருள்! குடி எங்கே இருக்கிறது அதில்? கூத்து எங்கே இருக்கிறது? அலமாரி இருக்கிறது, அடுக்கு இருக்கிறது, அதில் அமைதியாக உறங்கும் தட்டுகள் இருக்கின்றன.

வெறும் சொற்சிலம்பம் ஆடுகிறோம் என்று எண்ண வேண்டாம். சான்று தருகிறோம். 1928ஆம் ஆண்டு இத்தாலிய அரசு உரோம் நகரில் ஓர் ஆவணக் காப்பகத்தை நிறுவியது. முதல் உலகப்போர்க் காலத்துப் பெருமக்களின் குரல் பதிந்த தட்டுகள் அதன் தொடக்கச் செல்வம். அதற்கு அரசு இட்ட பெயர் 'டிஸ்கோத்தேக்கா தி ஸ்தாத்தோ' — அதாவது அரசுத் தட்டகம். அந்நாளில் ஆண்டவன் முசோலினி. மனிதரின் மூச்சைக்கூட அளந்து கொடுக்க எண்ணிய அந்தக் கொடுங்கோலனுக்கே அந்தச் சொல்லில் மாசு ஒன்றும் தென்படவில்லை! எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காப்பகம் அதே பெயரைத் தாங்கி நின்றது. பிரெஞ்சு நகரங்களிலும் இசைத்தட்டுகளைப் பொதுமக்களுக்கு இரவல் தந்த நிலையங்கள் அதே பெயரைத் தாங்கின. அலமாரிக்குரிய பெயர், ஆய்வுக்குரிய பெயர், அனைவருக்கும் இரவல் தரும் அறத்துக்குரிய பெயர் அது.

அத்தட்டுக்கும் நமக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற ஒலிப்பதிவு முறையிலிருந்து வளர்ந்ததே தட்டையான இசைத்தட்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுதும் அத்தட்டைப் பிணைத்து நிறுத்திய பொருள் எது? அரக்கு! சோட்டா நாகபுரிக் காடுகளிலே, பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு. அது கப்பலேறிக் கடல் கடந்து, பொடியாகிக் குழம்பாகித் தட்டாகி, சீமான் வீட்டுக் கூடத்திலே பாடியது. பாரதக் கதையிலே அரக்கு மாளிகை ஆட்களைச் சுட்டெரிக்கக் கட்டப்பட்டது. இந்த அரக்கோ ஆட்களைப் பாட வைத்தது. சுரண்டியெடுத்த கையின் பெயரைத் தட்டின் மேல் எவரும் அச்சிட்டதில்லை. உழைத்தவன் பெயர் மறைவதும், உடையவன் பெயர் மின்னுவதும் இங்கு மட்டும் நிகழும் கதையன்று!

அலமாரியில் இருந்த அந்தச் சொல் ஆடுகளத்துக்கு எப்படி இறங்கியது? அங்கேதான் வரலாறு நம் கையைப் பற்றி இழுக்கிறது.

1940ஆம் ஆண்டு பிரான்சு வீழ்ந்தது. பாரிசு நகரில் இட்லரின் படை அணிவகுத்தது. போர் தொடங்கியபின் வந்த பொது நடனத் தடை 1945 வரை நீடித்தது. நாடு துயருறும் வேளையில் நடனமா என்றனர் ஆண்டோர். நாட்டைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள், காலைத் தூக்கி ஆடுவதை ஒழுக்கக்கேடு என்றனர்! ஆனால் இளைஞர் அடங்கினரா? ஊருக்கு வெளியே களஞ்சியங்களிலும் ஆளில்லா வீடுகளிலும் ஒளிந்து ஆடினர். ஒளிந்து ஆடுவோர்க்கு இசைக்குழு ஏது? பத்துப் பேர் கொண்ட குழுவை எந்த மூலையில் ஒளிப்பது? எக்காளத்தின் வாயை எந்தத் துணியால் பொத்துவது? ஒரு பெட்டிப் பாட்டுக்கருவி, கக்கத்தில் இடுக்கிய சில தட்டுகள், அவை போதும். தட்டு ஏழையின் இசைக்குழுவாயிற்று, அடக்கப்பட்டவனின் அரங்காயிற்று.

'சசூ' என்று பெயர் பெற்ற இளைஞர் கூட்டம் ஒன்று அக்காலப் பாரிசில் திரிந்தது. நீண்ட சட்டை, வளர்ந்த முடி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஈந்த ஜாஸ் இசையில் ஆறாத காதல். பகைவனுக்குப் பணிந்த கட்சிகளின் குண்டர்கள் 1942இல் அவர்களைத் தெருவில் பிடித்து முடியை மழித்தனர். அதே ஆண்டு, யூதர்கள் மஞ்சள் விண்மீன் அணிந்தே வெளிவர வேண்டும் என்று ஆணை பிறந்தது. அப்போது யூதரல்லாத சில இளைஞர், தாமும் ஒரு விண்மீனைக் குத்திக்கொண்டு, அதிலே 'ஸ்விங்' என்று ஜாஸ் ஆட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டு நகரில் நடந்தனர். அதற்காகச் சிறைப்பட்டனர். செருமானியிலே நிலைமை இன்னும் கொடிது. ஆம்பர்க் நகரில் ஜாஸ் இசைக்கு ஆடிய இளைஞரின் முன்னணியினரை அடித்து, வதைமுகாமுக்கு அனுப்பி, இரண்டு மூன்று ஆண்டு கட்டாய உழைப்பில் வாட்ட வேண்டும் என்று 1942 சனவரி 26ஆம் நாள் இம்லர் மடல் எழுதினான். ஆடியதற்கு அடி! இசை கேட்டதற்கு முகாம்!

ஏன் இத்தனை சினம்? கொடுங்கோலன் நடையை விரும்புவான், ஆனால் அணிநடையை. அவன் முரசுக்கு அனைவரும் ஒரே காலை ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். தன் விருப்பப்படி தூக்கிய கால், நாளை தன் விருப்பப்படி நடக்கும் என்பதை அவன் அறிவான். எனவேதான் ஆடும் காலுக்கு விலங்கு தேடினான்.

போர் ஓய்ந்தபின், பாரிசின் நிலவறைக் கூடங்களில் தட்டிசைக்கு ஆடும் வழக்கம் வேரூன்றியது. தட்டகம் என்ற சொல் அலமாரியை விட்டு ஆடுகளத்துக்கு வந்தது. அதற்கு உருவம் தந்தோருள் ஒருவர் ரெழீன் என்னும் பெண். போலந்து யூதக் குடும்பத்தின் மகள். 1929இல் பெல்சியத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் பிரான்சில் ஒளிந்து உயிர் தப்பியவர். காசு போட்டால் பாடும் பெட்டியிலே ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்குமுன் இடைவெளி விழும். அந்தப் பெட்டியை அகற்றிவிட்டு, 1950களில் இரண்டு சுழல்தட்டுக் கருவிகளை அருகருகே வைத்தேன், ஒன்று ஓயுமுன் மற்றொன்றைத் தொடங்கினேன் என்று அவர் கூறினார். எளிய வேலைதான். ஆனால் இன்றுவரை உலகெங்கும் இசை கோப்போர் செய்வது அதன் விரிவே. பின்னாளில் அவருடைய விடுதிகள் செல்வர்களின் கூடாரங்கள் ஆயின; அதையும் மறைக்கமாட்டோம். ஒளிந்து வாழ்ந்தவரின் கையில் வளர்ந்த சொல், ஒய்யாரமாக வாழ்பவரின் மடியில் போய் அமர்ந்தது.

1960களில் அச்சொல் கடல் கடந்து அமெரிக்கா புகுந்தது. புகுந்த வீட்டிலே முன்பே ஒரு சட்டம் காத்திருந்தது. நியூயார்க் நகரம் 1926இல் இயற்றிய 'காபரே' சட்டம்! உரிமம் இல்லாத உணவகத்திலோ மதுக்கடையிலோ ஆடுதல் குற்றம். ஆர்லெம் பகுதியிலே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் ஆடியது சிலர் கண்ணை உறுத்திய காலம் அது. 1940 முதல் 1967 வரை இசைஞர்களும் காவல்துறையிடம் அடையாள அட்டை பெற்றாக வேண்டும். பில்லி ஆலிடே என்னும் இசையரசி அந்த அட்டையை இழந்தார். தெலோனியஸ் மங்க் என்னும் பியானோ மேதையும் இழந்தார். விரல் இருந்தது, கலை இருந்தது, கேட்க மக்கள் இருந்தனர், அட்டை இல்லை! உரிமம் இல்லாத இடங்களில் தோற்கருவியும் காற்றுக்கருவியும் ஒலிக்கலாகாது என்றொரு விதியும் நெடுநாள் இருந்தது. நரம்புக்கருவிக்கு இசைவு உண்டு. வீணைக்கு மேடையும் பறைக்குச் சேரியும் வகுத்த நாட்டினர் நாம். அந்த விதியின் மணம் நமக்கு விளங்காதா? அச்சட்டம் நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2017இல்! தொண்ணூற்றோர் ஆண்டுகள்!

தட்டகம் செய்த நன்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ஆட்டங்களில் ஆண் கை நீட்டினால்தான் பெண் எழலாம். அவன் இழுத்த பக்கம் அவள் நகர வேண்டும். 1960களின் தொடக்கத்தில் 'டுவிஸ்ட்' என்னும் ஆட்டம் தட்டகங்களில் பரவியது. அதிலே ஒருவர் கையை ஒருவர் பற்ற வேண்டியதில்லை. பெண் தானே எழுந்தாள், தானே ஆடினாள். சிறு செய்திதான். ஆயினும், அழைப்புக்குக் காத்திருந்து காத்திருந்து முதுமையுற்ற பெண்குலத்துக்கு அது சிறு செய்தியா?

ஆணோடு ஆண் ஆடினால் காவலர் புகுந்து கைது செய்த காலமும் அதுவே. நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதி அத்தகையோர் ஆட இடம் கிடைத்த மிகச் சில இடங்களுள் ஒன்று. 1969 சூன் 28ஆம் நாள் விடியுமுன் காவலர் அங்குப் புகுந்தபோது, பணிந்து பழகியோர் பணிய மறுத்தனர். அடுத்த ஆண்டு, 1970இல், டேவிட் மன்கூசோ என்பவர் அந்நகரில் தம் வீட்டையே ஆடுகளமாக்கினார். மது விற்பனை இல்லை. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண், ஒருபால் காதலர் எல்லாரும் விருந்தினர். "டிஸ்கோ என்றாலே குடி" என்று குமுறும் பெரியோரே! அந்தப் பண்பாட்டின் தாய்வீடுகளில் ஒன்றிலே மது விற்கப்படவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்?

இனி மறுபக்கம் வருவோம். மகிழ்ந்து பூரிக்கும் இரண்டாம் வகையாரின் பொன்னுலகுக்கு வருவோம். 1977இல் நியூயார்க்கில் 'ஸ்டூடியோ 54' திறக்கப்பட்டது. வாயிலிலே ஒரு கயிறு. கயிற்றுக்கு இப்பால் கூட்டம். அப்பால், உரிமையாளர் ஸ்டீவ் ரூபெல். "நீ வா! நீ நில்!" என்று அவர் விரல் ஆடும். உள்ளே பல நிறத்தாரும் ஆடினர் என்பது மெய். ஆனால் எவர் புகலாம் என்பதற்கு அவர் விருப்பமே சட்டம். அவ்வாண்டின் கடைசி இரவு, 'ஷிக்' இசைக்குழுவின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்னும் கறுப்பின இசைஞர் இருவர் அழைப்பின் பேரிலே வந்து நின்றனர். வாயில் திறக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டனர்! அவர்கள் ஆக்கிய இசைக்குத்தான் அக்கூடத்தார் ஆடிக்கொண்டிருந்தனர். தட்டுக்கு அனுமதி, தட்டிலே உயிரை ஊற்றியவனுக்குத் தடை! சிலையைச் செதுக்கிய கை கருவறைக்கு வெளியே நிற்கும் கொடுமையை அறிந்த நமக்கு இந்தக் காட்சி புதிதோ? திரும்பிச் சென்ற இருவரும் அழவில்லை. அந்தச் சினத்திலிருந்தே ஒரு பாடலை உருவாக்கினர். 'லே ஃபிரீக்' என்ற அப்பாடல் 1978இல் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கயிறு கட்டிய உரிமையாளரும் அவருடைய கூட்டாளியும் வரி ஏய்த்த குற்றத்துக்காக 1980இல் சிறை புகுந்தனர்.

சபிப்போர் கூட்டமும் சும்மா இருக்கவில்லை. 1979 சூலை 12ஆம் நாள், சிகாகோ நகரின் கோமிஸ்கி விளையாட்டுத் திடலில் ஒரு 'விழா' நடந்தது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோர்க்கு நுழைவுக் கட்டணம் வெறும் 98 சென்ட். ஏறத்தாழ 50,000 பேர் கூடினர். தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் களத்தில் பாய்ந்தது, தீ எழுந்தது, அடுத்த ஆட்டம் நடைபெறவே இல்லை. அன்று அத்திடலில் பணியாற்றிய கறுப்பின இளைஞர் ஒருவர் பின்னாளில் சொன்னார்: வந்தவர் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோ அல்லாதனவும் இருந்தன, பாடியவர் கறுப்பர் என்பதே பொதுவாயிருந்தது என்று. விளையாட்டு என்றனர். இசை பிடிக்கவில்லை, அவ்வளவே என்றனர். பிடிக்காத பாட்டைக் கேளாதிருக்கலாமே. கூடிநின்று கொளுத்துவது எதற்காக? 1933இல் பெர்லின் வீதியில் நூல்களைக் குவித்து எரித்த வெறிக்கும் இதற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. எனினும் பிறர் சேர்த்து வைத்ததைச் சாம்பலாக்கிக் கூத்தாடும் மனம் எங்கே தோன்றினும் நாம் அஞ்சத்தான் வேண்டும்.

அச்சொல் செத்தது என்று அன்று முரசறைந்தனர். செத்ததா? அதே சிகாகோவிலே, 'வேர்அவுஸ்' — கிடங்கு — என்னும் பெயர் கொண்ட கூடத்தில் பிராங்கி நக்கிள்சு என்பவர் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அங்கு ஆடியோர் பெரும்பாலும் கறுப்பினத்து ஒருபால் காதலர். அக்கிடங்கின் பெயர் குறுகி, 'அவுஸ்' என்னும் புதிய இசைவகையின் பெயராயிற்று. கிடங்கு! வைப்பிடம்! கிரேக்கத்தில் 'தேக்கே' என்று பிறந்த பொருள், ஆங்கிலச் சட்டை அணிந்து மறுபடியும் எழுந்து நின்றது. கொளுத்தினால் சாகும் பொருள் தட்டு, இசை சாகாது.

ஒரு தடை எழுப்பப்படலாம். "தட்டு வந்ததால் இசைக்குழுவின் வாயில் மண் விழுந்ததே! உழைப்பவனுக்காகப் பேசும் நீங்கள் அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. அமெரிக்க இசைஞர் சங்கம் 1942 ஆகத்து முதல், ஒலிப்பதிவுக்கு இசைப்பதில்லை என்று வேலைநிறுத்தமே செய்தது; பதிவின் ஊதியத்தில் ஒரு பங்கு கேட்டது. அக்கோரிக்கை அறம் சார்ந்தது. அதிலிருந்து நாம் கற்பது யாது? தட்டை உடை என்பதன்று. தட்டின் வருவாயைப் பங்கிடு என்பதே. எந்திரத்தின் மேல் சினம் கொள்ளாதே. எந்திரத்தின் பயனை ஒருவனே சுருட்டுவதன் மேல் சினம் கொள்.

"அங்கே குடித்துக் கெடுகிறார்களே! பெண்களுக்குத் தொல்லை நேர்கிறதே!" எனின், கெடுப்பவனைத் தண்டியுங்கள், தொல்லை தருபவனைக் கூண்டிலேற்றுங்கள், அதற்குச் சட்டம் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் திருடன் புகுந்தால் கூட்டத்தையா தூக்கிலிடுகிறோம்?

ஆகவே இரு வகையார்க்கும் நாம் கூறுவது இது. சபிப்போரே! நீங்கள் ஒழுக்கம் என்று ஓங்கிய தடி, வரலாற்றில் எவர் முதுகில் விழுந்தது என்று பாருங்கள். யூதன் முதுகில், கறுப்பன் முதுகில், ஒதுக்கப்பட்டவன் முதுகில், இளைஞன் முதுகில்! மாளிகைக்குள் ஆடிய மன்னன் முதுகில் அது ஒருநாளும் விழுந்ததில்லை. விற்போரே! நீங்கள் வாயிலில் கட்டிய கயிறு அச்சொல்லின் பொருளுக்கே இழைத்த இரண்டகம். ஆடை கண்டு அனுமதி, நிறம் கண்டு அனுமதி, பணம் கண்டு அனுமதி என்று இன்றும் பல நாட்டுப் பெருநகரங்களில் வாயிற்காரர் விரல் ஆடுகிறதே, நூலகத்தின் வாயிலில் எவரேனும் பட்டாடை கேட்பதுண்டோ? நூலகத்தின் அச்சில் வார்த்த சொல்லை வாசலில் எழுதிவைத்து, அதன் கீழேயே "உனக்கு இடமில்லை" என்று உரைக்க நாணம் வேண்டாமா?

சொல்லிலே பழி இல்லை, தோழர்களே! அரக்கெடுத்த கையும், ஒளிந்து ஆடிய காலும், விரட்டப்பட்டும் பாடிய குரலும் சேர்த்து வைத்த பேழை அச்சொல். தடியை மடக்குவோம்; கயிற்றை அறுப்போம். எல்லார்க்கும் திறந்த அடுக்கு எதுவோ, அதுவே தட்டகம்!